ஆயில் பால் காபி நிறமானால் உடனே ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்

டீசல் கார். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் எண்ணெய்ப் படலம். பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடமே "ஹெட் கேஸ்கெட் போச்சு சார்" என்று ஒர்க்ஷாப்பில் தீர்ப்பு. (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கெட்.) ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கெட் போட்டு 38,000 ரூபாய் பில். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மறுபடி அதே காபி. கசிந்தது ஆயில் கூலர், அதாவது ஆயிலின் சூட்டைக் கூலன்டுக்கு மாற்றும் பாகம். ஃபில்டர் ஹவுசிங்கோடு ஒட்டியிருக்கும் கையளவு அலுமினிய டப்பா. அதை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

துப்பு டேங்கிலேயே இருந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார். கூலன்டில் ஏறக்குறைய 1 பார்தான். கூலருக்குள் ஓட்டை விழுந்தால் ஓடும்போது ஆயில் கூலன்டுக்குள் போகும். சூட்டோடு அணைத்ததும் ஆயில் பிரஷர் விழுந்துவிடும், கூலன்டில் பிரஷர் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். ஹெட் கேஸ்கெட்டிலும் இப்படிக் கலக்கலாம். ஆனால் சிலிண்டர் வாயு கசிவதைக் காட்டும் குமிழி டேங்கில் வராமல், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹோஸ் விறைக்காமல் இருந்தால் முதல் சந்தேகம் கூலர்மேல்தான்.

ஆயில் ஃபில்லர் மூடியில் மட்டும் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தே அப்படி ஆகும். (இதைக் காட்டியே ஹெட்டை இறக்குபவர்களும் உண்டு.) வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் சம்ப் போல்ட்டை (அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்) மெல்லத் தளர்த்துங்கள். கூலன்ட் கனமானது, அடியில் தங்கும். முதலில் அதுதான் சொட்டும்.

அடுத்து, குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் பிரஷர் கேஜ் உள்ள கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட பிரஷருக்கு மேல் போகாமல் பம்ப் அடித்து 20 நிமிடம் விடவேண்டும். கேஜ் முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கசிவு உள்ளேதான். கூலரைக் கழற்றி, கூலன்ட் வழியின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் 2 பார் காற்று கொடுத்து வெந்நீர் வாளியில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூட்டில் மட்டும் திறக்கும் விரிசல் பச்சைத்தண்ணீரில் தப்பிவிடும்.

கூலன்ட் வாயிலிருந்து வரும் காற்றை நீலத் திரவத்தில் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் புகைச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது சிலிண்டர் வாயு கூலன்டில் கலந்ததை மட்டுமே சொல்லும்.

ஃபேசிங் வேண்டும் என்றால் முதலில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ப்பட்டை), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவைக் காட்டச் சொல்லுங்கள். பல டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது. வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும்.

பழுது எதுவானாலும் கலந்த ஆயிலை ஒரே தடவை மாற்றிவிட்டு அனுப்பினால் ஏற்காதீர்கள். மலிவு ஆயில் ஊற்றி, 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி, வடித்து, தெளியும்வரை இரண்டு மூன்று தடவை. கடைசியில் புது ஃபில்டர். மிஞ்சும் கிளைகால் (கூலன்டில் உள்ள ரசாயனம்) பேரிங்கைத் தின்றுவிடும்.