டார்கெட்ஸ்கேன்: நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கு எந்த அளவு துணை நிற்கும்?

நுரையீரல் புற்றுநோயின் வளர்ச்சியிலும் பரவலிலும் மைக்ரோ ஆர்என்ஏக்களின் (மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கும் சிறு ஆர்என்ஏ மூலக்கூறுகள்) பங்கை ஆராயப் புகுவோர், தாம் எடுத்துக்கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ எந்தெந்த மரபணுக்களை அடக்கக்கூடும் என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு அமெரிக்காவின் ஒயிட்ஹெட் நிறுவனத்தில் டேவிட் பார்ட்டெலின் ஆய்வகம் உருவாக்கிய டார்கெட்ஸ்கேன் என்ற இலவச இணையக் கருவியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மைக்ரோ ஆர்என்ஏவின் நீளம் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் (ஆர்என்ஏவின் அடிப்படை அலகுகள்). அதில் 2 முதல் 8 வரையிலான அலகுகளாகிய வித்துப் பகுதி, மரபணுவின் செய்தியைப் புரத உருவாக்கத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்என்ஏவின் புரதமாக மாறாத வால்பகுதியில் எங்கே பொருந்துகிறது, அந்த இடம் பிற உயிரினங்களிலும் மாறாமல் நிலைத்துள்ளதா என்பவற்றை ஆராய்ந்து, அடக்கும் வலிமையை இக்கருவி மதிப்பிடுகிறது. லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைந்த நுரையீரல் கட்டி உடையவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்த காலமே வாழ்ந்ததை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். லெட்-7க்கு டார்கெட்ஸ்கேன் காட்டும் முதன்மையான இலக்குகளுள் ஒன்று எச்எம்ஜிஏ2 என்ற மரபணு. இவ்விரண்டின் பிணைப்பு குலைந்தால் செல்கள் புற்றுத்தன்மை பெறுவது எளிதாகிறது என்பதை 2007இல் பார்ட்டெலின் ஆய்வகம் சோதனையில் காட்டியது. பரவலை ஆராய்வோர் ஜெப்1 மரபணுவைத் தேடிப் பார்க்கலாம்: அதன் வாலில் மிர்-200 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குடும்பம் பிணையும் இடங்கள் பல உள்ளன. மிர்-200 குறையும்போது ஜெப்1 ஓங்கி, செல்களை ஒட்டவைக்கும் இ-காட்ஹெரினை அடக்குவதால், அவை கட்டியிலிருந்து பிரிந்து செல்லும் இயல்பைப் பெறுகின்றன.

ஆனால் இது கணிப்பு மட்டுமே என்பதை மிகுந்த அக்கறையோடு வலியுறுத்த விரும்புகிறேன். குறிப்பிட்ட கட்டியில் அந்த மைக்ரோ ஆர்என்ஏ போதிய அளவில் உள்ளதா என்பதை இக்கருவி சொல்லாது. மேலும், புற்றுநோய்ச் செல்கள் பல தூது ஆர்என்ஏக்களின் வாலைக் குறுக்கிக்கொண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களின் அடக்கலிலிருந்து தப்புகின்றன என 2009இல் தெரியவந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் சில செல் வரிசைகளில் அளந்த வால் நீளங்களை டார்கெட்ஸ்கேன் காட்டினாலும், அவை ஆய்வுக்குரிய கட்டியின் நிலையாகிவிடா. ஆகவே, பட்டியலில் தேர்ந்தவற்றை, அடக்கலை ஒளியின் அளவால் காட்டும் லூசிபரேஸ் சோதனையால் உறுதிசெய்வதும், சோதனைச் சான்றுள்ள இணைகளைத் தொகுக்கும் மிர்டார்பேஸ் தரவுத்தளத்துடன் ஒப்பிடுவதும் இன்றியமையாதவை.

ஒரே மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் வரிசையாக நிற்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரே மருந்து பல மரபணுக்களைத் தொடக்கூடும் என்பதால், மருந்தாக்க நினைப்போர் முதலில் கவனிக்க வேண்டியதே அதுதான். இத்தகைய மருந்துகளில் எச்சரிக்கை தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மிர்-34 என்ற மைக்ரோ ஆர்என்ஏவைப் போன்று வடிவமைத்த மருந்தின் மனிதச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.