ஒரே செப்புத்தகடு, இரண்டு பெயர்கள்: பிளாவ் குடும்பமும் ஹோண்டியஸ்–யான்சோனியஸ் குடும்பமும்

ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டில் அச்சான நிலப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது பிளாவ் என்னும் பெயர்தான். அருங்காட்சியகச் சுவர்களிலும் ஏலப் பட்டியல்களிலும் அந்தப் பெயருக்கே மதிப்பு அதிகம். அதே நகரில், கூப்பிடு தூரத்தில் கடை வைத்து, அதே ஐரோப்பியச் சந்தைக்காக உழைத்த ஹோண்டியஸ்–யான்சோனியஸ் குடும்பத்துக்கு இரண்டாம் இடமே கிடைத்திருக்கிறது. இந்த வரிசை பாதி நியாயம், பாதி பழக்கம் என்பது என் கருத்து.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. வானியலாளர் டைக்கோ பிராகேயிடம் பயின்றுவிட்டு வந்து தொழில் தொடங்கிய வில்லெம் பிளாவ் (1571–1638), தொடக்கத்தில் தம் படங்களில் 'குலியெல்முஸ் யான்சோனியஸ்' என்றே கையெழுத்திட்டார். போட்டிக் கடைக்காரரான யோஹானஸ் யான்சோனியஸின் பெயரோடு அது குழம்பியதால், 1621 வாக்கில்தான் 'பிளாவ்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஆகவே பழைய தாள் ஒன்றில் யான்சோனியஸ் என்று கண்டவுடன் அது எதிரணியின் படம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முன்னொட்டாக நிற்கும் பெயரையும் படிக்க வேண்டும்.

இரு குடும்பங்களின் போட்டியை ஒரே நிகழ்ச்சியில் காணலாம். 16ஆம் நூற்றாண்டு நிலப்படவியலாளர் மெர்கேட்டரின் அட்லஸை அச்சடிக்கப் படங்கள் செதுக்கிய செப்புத்தகடுகளை 1604இல் விலைக்கு வாங்கி, 1606இல் அந்த அட்லஸை விரிவாக்கி வெளியிட்டவர் யோடோக்கஸ் ஹோண்டியஸ். அவருடைய அதே பெயர் கொண்ட மகன் 1629இல் இறந்ததும், அவர் தமக்கெனச் செதுக்கி வைத்திருந்த தகடுகளில் ஏறத்தாழ 40 தகடுகள் வில்லெம் பிளாவின் கைக்குப் போய்விட்டன. பிளாவ் ஹோண்டியஸின் பெயரைத் தேய்த்து நீக்கித் தம் பெயரைச் செதுக்கி, 1630இல் 60 படங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். அதில் பாதிக்கு மேல் அந்தத் தகடுகளில் அடித்தவை. இறந்தவரின் தம்பி ஹென்றிக்கஸ் ஹோண்டியஸும் மைத்துனர் யான்சோனியஸும் கைகட்டி நிற்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் செதுக்குநர்களோடு ஒப்பந்தம் எழுதி, கைவிட்டுப் போன படங்களை அச்சுப் பிசகாமல் மறுபடி செதுக்கச் செய்தார்கள்.

வட அமெரிக்காவின் வர்ஜீனியா படத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயக் குடியேற்றத் தலைவர் ஜான் ஸ்மித்தின் படத்தை வைத்து 1618இல் இளைய ஹோண்டியஸுக்காக உருவான தகடு அது. இடப்புற மூலையில் நீள் வீட்டினுள் பழங்குடித் தலைவர் பவ்ஹாட்டன் அமர்ந்திருக்க, வலப்புறம் வில்லேந்திய சஸ்குவஹனாக் பழங்குடி வீரர் நிற்கிறார். இன்று பிளாவ் பெயரோடு விற்பது இந்த மூலத் தகட்டின் அச்சு. ஹென்றிக்கஸ் ஹோண்டியஸ் பெயரோடு கிடைப்பது அதன் நகல். ஹோண்டியஸ் வீட்டுக் கைவேலை பிளாவ் பெயரிலும், அதன் நகல் ஹோண்டியஸ் பெயரிலும் புழங்குகின்றன என்பதை அறிந்த பிறகு, பெயரை மட்டும் பார்த்து விலை கொடுக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

உலகப் படங்களில்தான் இரு கடைகளின் குணமும் தெளிவாகப் பிரிகிறது. பிளாவின் படம் 1606இல் உருவானது. அதையே 1635ஆம் ஆண்டு அட்லஸிலும் சேர்த்தார்கள். மேல் ஓரத்தில் சூரிய சந்திரரும் ஐந்து கோள்களும், இடத்தே நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்களும், வலத்தே நான்கு பருவங்களும், கீழே ஏழு உலக அதிசயங்களும் சிறுசிறு கட்டங்களில் அமைந்திருக்கின்றன. ஓவியமாகப் பார்த்தால் இதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் தெற்கே நீண்டு கிடப்பது கற்பனைக் கண்டம். ஹென்றிக்கஸ் ஹோண்டியஸின் 1630ஆம் ஆண்டுப் படமோ இரு அரைக்கோளங்களாக விரிந்து, நான்கு மூலைகளிலும் ஜூலியஸ் சீசர், பண்டைய புவியியலாளர் தாலமி, மெர்கேட்டர், மூத்த ஹோண்டியஸ் ஆகியோரின் உருவங்களைத் தாங்குகிறது. டச்சு மாலுமிகள் கண்ட ஆஸ்திரேலியக் கரையின் ஒரு துண்டும் அதில் ஏறிவிட்டது. அதே படம் கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டித் தவறவும் செய்கிறது. பழைய பிளாவ் படத்தில் அது தீபகற்பமாகச் சரியாகவே இருக்கிறது. புதிய செய்திகளுக்கு இடம் கொடுத்தவர் புதிய பிழையையும் ஏற்க நேர்ந்தது. இருந்தும் அந்தத் துணிவுக்காகவே நான் ஹோண்டியஸின் பக்கம் சாய்கிறேன்.

அச்சுத் தரத்தில் பிளாவ் குடும்பம் முந்துகிறது என்பதை மறுக்க முடியாது. 1637இல் புளூம்கிராக்ட் கால்வாய்க் கரையில் எழுந்த அவர்களுடைய அச்சுக்கூடத்தில் எழுத்து அச்சுக்கென்று ஒன்பது பொறிகள், கிரேக்கக் கலைத்தேவியர் ஒன்பதின்மரின் பெயர்களோடு இயங்கின. செப்புத்தகட்டு அச்சுக்குத் தனியாக ஆறு பொறிகள் இருந்தன. தடித்த தாள், தாராளமான ஓரம், சீரான எழுத்து ஆகிய மூன்றும் மகன் யோவான் பிளாவின் பேரட்லஸில் உச்சம் தொட்டன. 1662இல் வந்த அதன் இலத்தீன் பதிப்பு 11 தொகுதிகளும் ஏறத்தாழ 600 படங்களும் கொண்டது. வண்ணமிட்ட படி 400 கில்டருக்கும் (அக்கால டச்சு நாணயம்) மேல் விலை போனது. யான்சோனியஸின் பலம் பரப்பில் இருந்தது. யோவான் பிளாவ் திட்டமிட்ட கடல் தொகுதி கடைசிவரை வெளிவராதபோது, யான்சோனியஸ் 1650இலேயே கடற்படத் தொகுதியை வெளியிட்டுவிட்டார். சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் காட்டும் அவருடைய வங்காள விரிகுடாப் படம் தமிழ் வாசகர் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. 1633 முதல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படவரைஞர்களாக இருந்தவர்கள் பிளாவ் குடும்பத்தார். பழவேற்காடு வழியாக வந்த மாலுமிக் குறிப்புகளும் அவர்கள் மேசையைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் கம்பெனியின் கையெழுத்துக் கடற்படங்கள் இரகசியமாகக் காக்கப்பட்டதால், அந்த அறிவில் பெரும்பகுதி அச்சேறவில்லை.

வாங்க எண்ணுபவர் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறத்து அச்செழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பது பதிப்பை அடையாளம் காட்டும். செம்பு கலந்த பச்சை வண்ணம் காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறம் பழுப்புக் கோடாகத் தெரிந்தால், வண்ணம் அக்காலத்தது என்று ஓரளவு நம்பலாம். அந்த இடம் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யான்சோனியஸின் தகடுகள் பல 1694இல் ஷெங்க், வால்க் என்னும் பதிப்பாளர்களிடம் போயின. அவர்கள் தம் பெயரையும் கட்டக் கோடுகளையும் சேர்த்து அடித்த தாள்களில் தகடு தேய்ந்து, மலைகளின் நிழற்கோடுகள் மங்கியிருக்கும். பிளாவ் தகடுகளுக்கு இன்னும் கொடிய முடிவு காத்திருந்தது. 1672 பிப்ரவரியில், அவர்கள் பின்னாளில் கிராவன் தெருவில் அமைத்த அச்சுக்கூடம் எரிந்து, தகடுகளும் தாளும் பெருமளவில் அழிந்தன. அடுத்த ஆண்டே யோவான் பிளாவும் காலமானார்.

சுவரில் மாட்ட ஒரே ஒரு படம் என்றால் பிளாவின் உலகப் படத்தையே பரிந்துரைப்பேன். மேசையில் விரித்து, உருப்பெருக்கியோடு மாலை முழுவதும் படிக்க வேண்டுமென்றால், ஹோண்டியஸின் 1630ஆம் ஆண்டுத் தாளையே எடுப்பேன்.