சிறுவர் விளையாட்டில் ஒளிந்திருக்கும் திறவுகோல்: ரிவன், தி விட்னஸ், அவுட்டர் வைல்ட்ஸ்

முதல் நபர் பார்வையில் ஒரு தீவையோ கோளையோ சுற்றிவந்து புதிர்களை அவிழ்க்கும் கணினி விளையாட்டுகளில் எதை ஆடலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் மூன்று பெயர்களைச் சொல்வது வழக்கம்: 1997-இல் வெளிவந்த ரிவன், 2016-இல் வந்த தி விட்னஸ், 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். மூன்றிலும் சண்டை கிடையாது. பார்ப்பதும் நினைவில் வைப்பதும் யோசிப்பதும்தான் வேலை. ஆனால் புதிருக்கும் அது இருக்கும் உலகத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் மூன்றும் மூன்று விதமாக விடை சொல்கின்றன. அந்த உறவைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். அதற்காகச் சில விடைகளை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருப்பதால், இவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ரிவனின் சிறப்பு தெரிய அதற்கு முன்பு வந்த மிஸ்ட் என்ற விளையாட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் சயன் நிறுவனத்தில் உருவாக்கிய மிஸ்ட் 1993-இல் வெளிவந்து, பல ஆண்டுகள் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. அதில் ஒரு விண்கலம் உண்டு. உள்ளே இருக்கும் இசைப்பலகையில் ஐந்து சுரங்களை வாசித்துப் பார்த்து, அதே சுரங்களை எதிர்ப்புறத்தில் இருக்கும் நெம்புகோல்களில் காதால் கேட்டு ஒத்துவைக்க வேண்டும். அழகான காட்சிதான். ஆனால் சுரத்தைப் பிரித்தறியும் காது இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார்; விண்கலத்தை இப்படி ஏன் பூட்டினார்கள் என்பதற்கும் மனம் ஏற்கும் காரணம் கிடைக்காது. மிஸ்டில் புதிர் என்பது உலகத்தின்மேல் தொங்கும் பூட்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து ஐந்து குறுந்தகடுகளில் வந்த ரிவன் அந்தப் பூட்டையே உலகத்தின் உறுப்பாக்கியது. காட்டுத் தீவில் இருக்கும் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஆளில்லை, ஒரு மர பொம்மை மட்டும் இருக்கிறது. இரண்டு சிறிய மனித உருவங்கள் கயிற்றில் தொங்க, அடியில் வார்க் எனப்படும் கடல்விலங்கு வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. பொம்மையை இயக்கினால் ஒரு குறி தோன்றும். ஒரு உருவம் சில படிகள் கீழே இறங்கும். எத்தனை படிகள் என்று எண்ணினால் அந்தக் குறி எந்த எண்ணைக் குறிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் எண் கற்ற அதே பொம்மையில் நாமும் கற்கிறோம். பிறகு விரிகுடாவின் மேல் நிற்கும் உண்மையான தூக்குமரத்தைப் பார்க்கும்போது, அந்த ஊரை ஆளும் கென் தனக்குப் பிடிக்காதவர்களை இப்படித்தான் வார்க்குக்கு இரையாக்குகிறான் என்பது புரிகிறது. கணக்குப் பாடமும் அச்சமும் ஒரே பொம்மையில் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கொடுங்கோன்மையை இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்டு காட்டிய இன்னொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

கற்ற எண்களும் வீண்போவதில்லை. பொம்மை பத்து வரைதான் சொல்லித்தரும். அதற்குமேல் நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். ஒன்றின் குறியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஐந்து, இரண்டின் குறியைத் திருப்பினால் பத்து, ஐந்தின்மேல் ஒன்றை வைத்தால் ஆறு என்று அந்த முறை தன்னைத்தானே விரித்துக்கொள்கிறது. இருபத்தைந்தை அடியாகக் கொண்ட அந்த எண்முறை கைவந்த பிறகுதான், கென்னின் குவிமாடங்களைத் திறக்கும் எண்களைப் படிக்க முடியும். ஐந்து தீவுகள், ஐந்து குவிமாடங்கள் என்று எங்கு திரும்பினாலும் ஐந்தாக இருப்பதும் கென்னின் மனப்பித்தாகவே அமைந்திருப்பதால், புதிரை அவிழ்ப்பது ஓர் ஆளைப் புரிந்துகொள்வதாக ஆகிவிடுகிறது.

தி விட்னஸ் நேர் எதிர்த் திசையில் போகிறது. ஜோனதன் புளோ தலைமையில் உருவான அந்தத் தீவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன; எல்லாவற்றிலும் ஒரு வட்டத்தில் தொடங்கி ஒரு முனைவரை கோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்புச் சதுரங்களையும் வெள்ளைச் சதுரங்களையும் கோடு பிரித்துவைக்க வேண்டும் என்பதுபோன்ற விதிகளை ஒரு சொல்கூட இல்லாமல், எளியதிலிருந்து அரியதற்கு அடுக்கப்பட்ட பலகைகளே கற்றுத்தருகின்றன. பாடம் நடத்தும் முறையில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகா என்று தயங்காமல் சொல்வேன். பழத்தோட்டத்தில் ஒவ்வொரு பலகைக்கும் எதிரே ஒரு மரம் நிற்கும். எந்தக் கிளையில் ஆப்பிள் தொங்குகிறதோ அந்தக் கிளைக்குக் கோட்டை இழுக்க வேண்டும். ஓரிடத்தில் மரத்தில் பழமே தெரியாது. குனிந்து பார்த்தால் ஒடிந்த கிளை தரையில் கிடக்கும். அந்த நொடியில் கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. மலையுச்சியில் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்க்கையில் அதுவே ஒரு வட்டமும் கோடுமாகத் தெரியும்போது, அதுவரை நடந்து கடந்த தீவு முழுவதும் வேறொன்றாக மாறிவிடுகிறது.

ஆனாலும் அந்த மரம் புதிருக்காகத்தான் அங்கே நிற்கிறது. பலகைகளை நட்டவர் வடிவமைப்பாளர். அங்கே வாழ்ந்த எவரும் அல்லர். கட்டடக் கலைஞர்களின் உதவியோடு எழுப்பிய அந்தக் கட்டடங்களில் அடுப்பு எரிந்த தடமோ பிள்ளைகள் ஓடிய தடமோ மனத்தில் பதியவில்லை. கல்லாய் உறைந்த மனிதர்கள் மட்டுமே நிற்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதை அறிவேன். இருந்தும், உலகம் வேண்டும் என்று வருபவருக்கு அது போதாது.

ஒன்றில் மட்டும் தி விட்னஸ் ரிவனை வென்றுவிடுகிறது. ரிவனில் ஓரிடத்தில் சிக்கினால் நாள்கணக்கில் எல்லாக் கதவுகளும் மூடியே கிடக்கும். விலங்கொலிகளையும் மரக் கண்களையும் இணைக்கும் புதிரில் நான் இரண்டு வாரம் அப்படிக் கிடந்தேன். தி விட்னஸில் ஒரு பகுதி பிடிபடாவிட்டால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். பகுதிக்கொன்றாக இருக்கும் பதினொரு ஒளிக்கற்றைகளில் ஏழு கற்றைகளை ஒளிரவிட்டாலே மலைக்குள் செல்லும் வழி திறக்கும்.

உலகத்தோடு ஒன்றிய ரிவனின் புதிரும், சிக்கினால் வேறிடம் போகவிடும் தி விட்னஸின் சுதந்திரமும் ஒன்றாகச் சேர்ந்தது அவுட்டர் வைல்ட்ஸில். இருபத்திரண்டு நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழிய, மீண்டும் தொடக்கத்தில் கண்விழிக்கிறோம். கையில் மிஞ்சுவது நாம் அறிந்துகொண்டது மட்டுமே. எல்லாம் தெரிந்த ஒருவர் ஒரே சுற்றுக்குள் முடித்துவிடலாம். ஆஷ் ட்வின் என்ற கோளிலிருந்து எம்பர் ட்வினுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நிமிடங்கள் செல்லச்செல்ல ஒன்றின் குகைகள் புதைய, மற்றதன் கட்டடங்கள் வெளிப்படுகின்றன. அங்கே கதவுக்குப் பூட்டும் தேவையில்லை, பலகையும் தேவையில்லை. எங்கே வழி அடைபட்டாலும் நம் விண்கப்பலை வேறு கோளுக்குத் திருப்பலாம்.

ரிவனின் பள்ளிக்கூடத்தை எனக்கு நினைவூட்டிய இடமும் இதில்தான் இருக்கிறது. டார்க் பிராம்பிள் என்ற முட்புதர் வெளியில் பிரம்மாண்டமான தூண்டில்மீன்கள் திரிகின்றன. எஞ்சினை இயக்கிக்கொண்டு அருகே போனால் சாவு நிச்சயம். அவற்றைத் தாண்டும் வழி எம்பர் ட்வினின் குகை ஒன்றில், அந்த மீனின் புதைபடிமத்துக்கு அருகே இருக்கிறது. மறைந்துபோன நோமாய் இனத்துப் பிள்ளைகள் அங்கே ஆடிய ஆட்டத்தின் விதிகளை எழுதிவைத்திருக்கிறார்கள்: மீனாக இருப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மீனுக்குக் கண் தெரியாது என்பதை ஒரு கண்ணாமூச்சி ஆட்டம் சொல்லிவிடுகிறது. அதன்பின் எஞ்சினை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் பற்களுக்கு நடுவே மிதந்து போகும்போது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே, கையில் மாலை நேரம் மட்டும் இருப்பவருக்கு அவுட்டர் வைல்ட்ஸையும், புதிருக்காகவே புதிரை விரும்புபவருக்கு தி விட்னஸையும் சொல்வேன். எனக்கு ஒன்றுதான் என்றால் ரிவன்தான். சிக்கிக் கிடந்த அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் அந்த ஊரின் அச்சம் எனக்குள் இறங்கியது அப்போதுதான். நிற்கும் படங்களாக இருந்த அந்தத் தீவுகளில் சுதந்திரமாக நடக்கும்படி, சில புதிர்களை மாற்றியமைத்து, சயன் நிறுவனமே 2024-இல் மறுபதிப்பு வெளியிட்டிருக்கிறது. பழைய பதிப்பில் தொடங்குபவர்கள் கட்டம்போட்ட நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிவிடுங்கள்.