ஐசோடோப்பு அலையா, எரிமலைத் தடமா?

அண்டார்க்டிகாவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு பனி பெய்தது என்று அறிய, துளையிட்டு எடுத்த பனி உருளையில் ஆண்டுகளை அடையாளம் காண வேண்டும். அதற்கு எதை நம்புவது என்பது துளை போடும் இடத்தைப் பொறுத்தது.

முதலில் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை. ஈரக்காற்று துருவத்தை நோக்கிக் குளிர்ந்துகொண்டே போகையில், ஆக்ஸிஜன்-18 உள்ள கனமான நீர் மூலக்கூறுகள் வழியிலேயே அதிகம் கொட்டிவிடுகின்றன. குளிர் கூடக்கூட, வந்து சேரும் பனியில் அவை குறையும். ஆகவே கோடைப் பனியில் அதிகம், குளிர்காலப் பனியில் குறைவு. உருளையைச் சிறு துண்டுகளாக அறுத்து உருக்கி அளந்தால், ஏறி இறங்கும் ஓர் அலை கிடைக்கும். முகட்டுக்கு முகடு ஓராண்டு. இடையிலுள்ள தடிமனை அடர்த்தியால் பெருக்கினால் அந்த ஆண்டின் பொழிவு வந்துவிடும். ஆழத்தில் அடுக்குகள் நசுங்கி மெலிவதற்குத் தனியே திருத்தம் வேண்டும்.

கடலோரப் பனிமேடான லா டோமில் இது அருமையாக வேலை செய்கிறது. அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் பனிக்கட்டிக்குச் சமமான பனி சேர்கிறது. அலையைத் தவறவிடுவதுதான் கடினம்.

அதே முறையை உள்நாட்டுப் பீடபூமியில் உள்ள வோஸ்டாக் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஏமாற்றம்தான். ஆண்டுப் பொழிவு நீராகக் கணக்கிட்டால் 2 சென்டிமீட்டர் அளவே. பனியின் துளைகளில் உலவும் நீராவி கோடையையும் குளிர்காலத்தையும் கலந்துவிடும். போதாக்குறைக்குக் காற்று சில ஆண்டுகளின் பனியை முழுதாகவே வாரிக்கொண்டு போய்விடும். அங்கே முகடுகளை எண்ணி ஆண்டுவாரிப் பட்டியல் தந்தால் நான் நம்பமாட்டேன்.

அங்கே கைகொடுப்பது எரிமலைத் தடம். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தபோது எழுந்த சல்பேட் துருவம்வரை வந்து படிந்தது. அதற்குச் சற்றுக் கீழே, எந்த எரிமலை என்று இன்னும் தெரியாத 1809ஆம் ஆண்டு வெடிப்பின் தடம். இந்த இரட்டை முகடு அடையாளம் பிசகாது. அண்மைக் காலத்துக்கு, அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன 1955, 1965 கதிரியக்கப் படிவுகள் உண்டு. குறை ஒன்றுதான்: இரு தடங்களுக்கு இடையிலான சராசரி மட்டுமே கிடைக்கும். எந்த ஆண்டு வறண்டது என்று கேட்கக் கூடாது.

மூன்றாவது வழி, ஐசோடோப்பிலிருந்து வெப்பநிலையைக் கணித்து, குளிர்காற்று சுமக்கும் ஈரம் குறைவு என்ற விதியால் பொழிவை ஊகிப்பது. மிகப் பழைய பனிக்கு வேறு வழி அரிது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெப்பம் கூடினால் பனிப்பொழிவு கூடுமா என்ற கேள்விக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. விடையைக் கணக்குக்குள்ளேயே போட்டாயிற்றே.

பனி மிகுந்த கரையோரம் என்றால் என் தேர்வு ஐசோடோப்பு எண்ணிக்கைதான், தம்போராவில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு. உள்நாட்டுப் பீடபூமியில் எரிமலைத் தடம். அதுவும் ஓர் உருளையில் நிறுத்தாமல், அருகருகே சில எடுத்து.