பாண்டில தூண்டில் போட கடலுக்கு போறீங்களா: கம்பெனி போட்டும் மீனவர் போட்டும்

பாண்டிச்சேரில தூண்டில் போட கடலுக்கு கூட்டிட்டு போறவங்க இப்ப நெறைய பேரு ஆயிட்டாங்க, இன்ஸ்டாகிராம தொறந்தாலே மயில்மீன மடில போட்டுக்கிட்டு சிரிக்கிற போட்டோவா வருது, கீழ ஒரு வாட்ஸப் நம்பர். நான் ரெண்டு விதமாவும் போயிருக்கேன். ஒண்ணு கம்பெனி மாதிரி போர்டு வச்சி நடத்துறவங்களோட ஸ்பீடு போட்டு, இன்னொண்ணு தேங்காய்த்திட்டு ஹார்பர்ல கட்டுற ஒரு மீனவர் அண்ணனோட சொந்த ஃபைபர் போட்டு. ரெண்டு பேரு பேரும் இங்க போடல, கம்பெனிய திட்டப் போறேன், அண்ணனுக்கு போன் தொல்லை வேணாம்.

காச மொதல்ல சொல்லிடறேன், எல்லாரும் அதத்தான் கேப்பீங்க. கம்பெனில நாலு பேருக்கு அரை நாள் 16,000, பாதி அட்வான்ஸ். ராடு, ரீல், லைஃப் ஜாக்கெட், தண்ணி பாட்டில், ஆளுக்கு ஒரு சாண்ட்விச், எல்லாம் அதுலயே. அண்ணன்கிட்ட 7,500, டீசல் அதுலயே அடக்கம், அட்வான்ஸ் கெடையாது. சாப்பாடு தண்ணி ஐஸ் நம்ம பொறுப்பு, ராடும் நம்மளே எடுத்துட்டு போகணும், இல்லன்னா அவரு ராடு இல்லாம கையாலயே இழுக்குற தூண்டில் நரம்புதான் தருவாரு.

கம்பெனி போட்டு பாக்க சூப்பரா இருக்கு, அத மறுக்க முடியாது. பின்னாடி ரெண்டு அவுட்போர்டு எஞ்சின், மேல கூரை, குஷன் சீட்டு, ராடு சொருகி வைக்க ஹோல்டர், மீன் காட்டுற சோனார் ஸ்கிரீன், லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு புதுசா. பசங்களும் மரியாதையாதான் பேசுனாங்க. பிரச்சன என்னன்னா காலைல அஞ்சு மணிக்கு கெளம்பறோம்னு சொன்னவங்க, இன்னொரு பார்ட்டி ரெசார்ட்டுலேந்து வரணும்னு நிக்க வச்சி ஆறே முக்காலுக்குதான் கயித்த அவுத்தாங்க. கடல்ல தூண்டில் போடறவங்களுக்கு தெரியும், விடியற நேரம் ஒரு மணி நேரம்தான் சூரையும் வஞ்சிரமும் மேல வந்து வெறி புடிச்ச மாதிரி இரை எடுக்கும், வெயில் ஏறுனா கீழ எறங்கிடும். நாங்க போய் சேந்தப்போ கடல்காக்கா எல்லாம் சாப்ட்டு முடிச்சி தண்ணில உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் டிரோலிங். நாலு ராட்டுலயும் ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம்ங்கிற லூர், அதான் மீன் மாதிரி செஞ்ச பொய் இரை, கட்டி பின்னாடி இழுத்துட்டு போனாங்க. லூர்ல கொறையே இல்ல, நல்ல லூர் அது, அதுல 10, 15, 20, 30ன்னு நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர்தான் எத்தன அடி ஆழம் எறங்கி ஓடும்ங்கிற கணக்கு. ஆனா முள்ளு எல்லாம் துரு, விரல வச்சி பாத்தேன் கூர்மையே இல்ல, பின்னல் நூலான பிரெய்டு லைன்ல அங்கங்க பிசிறு, முக்கியமா லீடர்ல, அதான் லூருக்கு முன்னாடி வர்ற கடைசி துண்டுல, ஒயரே கட்டல. வஞ்சிரத்தோட பல்லு பிளேடு, வெறும் நைலான் நரம்பு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ரெண்டு தடவ ரீல் கத்துச்சு, ரெண்டு தடவையும் பத்து செகண்டுல லூசு, சுத்தி இழுத்தா நரம்பு கத்தரியில வெட்டுன மாதிரி வருது. ரெண்டாவது தடவ நான் கேட்டேன் ஒயர் இருக்கா தம்பின்னு, இருக்கு சார் ஆபிஸ்ல இருக்குங்கிறான். ஆபிஸ்லயா வஞ்சிரம் புடிக்கப் போறோம்.

கடைசில வந்தது ஒரு சீலா, ரெண்டு சின்ன சூரை. ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் நிக்கவே இல்ல. பத்து மணிக்கு மேல கரை சூடாகி கடல் காத்து அடிக்க ஆரம்பிச்சிடும், அலை சின்ன சின்னதா நெருக்கமா வரும், போட்டு பக்கவாட்டுல ஆடும், கூட வந்த பார்ட்டில பாதி பேரு தலைய வெளிய நீட்டிட்டாங்க. லேட்டா கெளம்புனா இந்த ஆட்டம்தான் கெடைக்கும், காசு அதே காசுதான்.

இதெல்லாம் கூட நான் மன்னிச்சிருப்பேன். அதே கம்பெனில என் மச்சான் குரூப்பு அதுக்கு முன்னாடி நவம்பர்ல புக் பண்ணிருந்தாங்க, முந்தின நாள் சாயங்காலம் மீனவர்கள் கடலுக்கு போக வேணாம்னு வானிலை மையம் அறிவிப்பு போட்டாச்சு, இவங்களுக்கு போன் பண்ணா "ஒண்ணும் இல்ல சார், கரையோரமா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாம்"ங்கிறாங்க. நாங்க வரலன்னு மச்சான் சொன்னதுக்கு அட்வான்ஸ் 8,000 போச்சு, "கஸ்டமர் சைடு கேன்சல்"னு ஒரே வார்த்த. இந்த ஊரு கடல்ல நவம்பர் டிசம்பர்ல வெளையாடக்கூடாது. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரை கடந்துச்சு, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டி பக்கத்துலதான் ஏறுச்சு, இங்க கடை வச்சிருக்கவனுக்கு இது தெரியாதா.

இப்ப அண்ணன் கத. அவர்கிட்ட மொத தடவ சனிக்கெழமைக்கு பேசிருந்தோம், வெள்ளிக்கெழம ராத்திரி ஒம்போது மணிக்கு அவரே கூப்புட்டாரு, "தம்பி நாளைக்கு வராதீங்க, கொண்டல் காத்து தூக்கிடுச்சி, தண்ணியும் கலங்கி கெடக்கு, வந்தீங்கன்னா காசு தண்டம்"னாரு. நாங்க வானிலை ஆப்ப பாத்தா அதுல ஒரு எச்சரிக்கையும் இல்ல. அவருக்கு 7,500 நட்டம், இருந்தும் சொன்னாரு. அந்த போன் வந்தப்பவே எனக்கு ஆளு புடிச்சிப்போச்சு. அதனால யாராவது புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு கேட்டா நான் சொல்றது இதான், எத்தன கிலோ மீன் கெடைக்கும்னு கேக்காதீங்க, கடல் சரியில்லன்னா யாரு கேன்சல் பண்ணுவா, பணம் என்ன ஆகும்னு கேளுங்க, பதில்லயே ஆளு தெரிஞ்சிரும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, வல நெறையற சீசன்ல அவரு நம்மள ஏத்தவே மாட்டாரு. கவல மீனோ கானாங்கெளுத்தியோ கூட்டமா வந்திருக்குன்னா ஒரு ராத்திரில நம்ம 7,500-க்கு மேல சம்பாரிச்சிருவாரு, நம்மள ஏத்திக்கிட்டு ஆட அவருக்கு என்ன தலையெழுத்தா. ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கே, அது விசைப்படகுக்குத்தான், இந்த மாதிரி சின்ன போட்டுங்க போகலாம், ஆனா அப்ப மார்க்கெட்ல மீன் வெல ஏறி கெடக்கும், அதனால அந்த நேரத்துல ரேட்டும் ஏத்திதான் கேப்பாரு. ஜனவரி கடைசிலேந்து ஏப்ரல் மொத வாரம் வரைக்கும்தான் நமக்கு தோதான நேரம், தண்ணி தெளிஞ்சி, காலைல கரைக்காத்து லேசா அடிச்சி, கடலு எண்ண ஊத்துன மாதிரி இருக்கும்.

அவரோட போட்டு சாதாரண ஃபைபர்தான். நீட்டு வால் டீசல் எஞ்சின், சத்தம் காத கிழிக்கும், சீட்டு கெடையாது, ஐஸ் பாக்ஸ் மேல உக்காரணும், நெழலே இல்ல. நாலேகால் மணிக்கு ஹார்பர்ல இருக்கணும்னாரு, இருந்தோம், நாலரைக்கு கெளம்பியாச்சு. அங்க முகத்துவாரம்தான் கண்டம், மண்ணு தூந்து தூந்து திட்டா நிக்கும், தூர் வாரச் சொல்லி மீனவங்க எத்தன தடவ போராட்டம் பண்ணிருக்காங்க. தண்ணி வத்தமா இருக்கற நேரத்துல அந்த திட்டு மேல அலை ஒடையும். அவரு எஞ்சின கொறச்சி அப்படியே நின்னாரு, பெரிய அலைங்க வரிசையா போற வரைக்கும் பேசவே இல்ல, சட்டுனு ஒரு எடவெளில முழு வேகத்துல எடுத்து வெளிய வந்துட்டாரு. இருட்டுல, லைட்டு இல்லாம. ஸ்பீடு போட்டு பசங்க இத வெளிச்சத்துலயே தடுமாறுனாங்க.

மொத அர மணி நேரம் உயிர் இரை புடிக்கறதுதான் வேல, கலர் நூல் கட்டுன சின்ன முள்ளு வரிசைய எறக்கி கானாங்கெளுத்தி ஒரு பக்கெட்டு. அப்புறம் வெளிச்சம் வந்ததும் தூரத்துல கடல்காக்கா விழறத பாத்துட்டு போனோம். இங்கதான் வித்தியாசம். கம்பெனி போட்டு கடல்காக்காவுக்கு கீழ இருக்கற அந்த மீன் கூட்டத்துக்கு நடுவுல ஓட்டிட்டு போகும், மீன் அப்படியே கீழ போயிரும். இவரு காத்து எந்த பக்கம்னு பாத்து மேல்பக்கமா சுத்தி வந்து எஞ்சின அணச்சிட்டாரு, போட்டு தானா கூட்டத்து மேல எறங்குது. சத்தமே இல்ல. ஜிக்க, அதான் மீன் மாதிரி இருக்கற கனமான உலோக இரைய, வீசி வேகமா சுத்துனா ஒவ்வொரு வீச்சுக்கும் சூரை. உயிர் கானாங்கெளுத்திய ஒயர்ல கோத்து விட்டதுல நாலு கிலோ தேறும் ஒரு வஞ்சிரம் வந்துச்சு, அது மொத ஓட்டம் ஓடுனப்ப ரீல்ல பாதி லைன் காலி, கை நடுங்குச்சு.

ஏழரைக்கு மேல பாருக்கு, அதான் கடலுக்கு அடில இருக்கற பாறைத்திட்டுக்கு, போனோம், சுமார் 15 பாகம், அதாவது 90 அடி கிட்ட ஆழம். ஜிபிஎஸ் வச்சிருக்காரு, ஆனா கடைசி கொஞ்ச தூரத்துக்கு கரைய பாத்துதான் போட்ட நிறுத்துனாரு, லைட்ஹவுஸ ஒரு மரக்கூட்டத்தோட சேத்து பாப்பாராம். வெள்ளம், அதான் கடல் நீரோட்டம், தெற்குலேந்து வடக்க இழுத்துச்சு, அதனால பாருக்கு கொஞ்சம் தெற்க விட்டு மெதந்து வந்தோம். கடம்பா (கணவாய்) துண்டு போட்டா சங்கரா, வெளமீன், ஒரு கலவா. நான் ஷிமானோ ரீலும் எண்பது கிராம் ஜிக்குமா குதிச்சிட்டு இருக்கேன், அவரு விரல்ல நரம்ப சுத்திக்கிட்டு பீடி குடிச்சிட்டே என்ன விட ரெண்டு மடங்கு தூக்குறாரு. அதுல கொஞ்சம் கடுப்புதான்.

சின்ன மீன திருப்பி விடறவங்களுக்கு ஒண்ணு, மேல ஓடுற பாறை மீன், சூரை, மயில்மீன் எல்லாம் தண்ணிலயே முள்ள கழட்டி விட்டா பொழச்சிக்கும். ரொம்ப ஆழத்துலேந்து தூக்குன கலவாவுக்கு காத்துப்பை ஊதி வயிறு வாய் வழியா வந்துரும், அத விட்டாலும் மெதந்துட்டே கெடக்கும், அதனால சாப்பாட்டுக்கு போதும்னு தோணுனதும் பார விட்டு நகந்துருங்க. ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை நெறைய மெதக்கும், ட்ரோலிங் பண்றப்போ கண்ண தொறந்து வச்சிருக்கணும்.

இனி அண்ணன்கிட்ட புடிக்காதது. லைஃப் ஜாக்கெட் ரெண்டே ரெண்டு, அதுவும் எஞ்சின் பக்கத்துல எண்ண புடிச்சி கெடந்துச்சு. கேட்டா "எங்களுக்கு எதுக்கு தம்பி"ங்கிறாரு. அவருக்கு வேணாமா இருக்கலாம், நமக்கு? 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவுந்து 20 பேருக்கு மேல செத்தாங்க, அங்க லைஃப் ஜாக்கெட் இல்லாததுதான் பெரிய கொறையா பேசுனாங்க, அதுவும் ஏரி முகத்துவாரம், நடுக்கடல் கூட இல்ல. நாங்க சொந்தமா வாங்கி எடுத்துட்டு போனோம், கரைலயே மாட்டிக்கிட்டோம், சிரிச்சாரு, சிரிக்கட்டும். இன்னொண்ணு, அது மீன்புடிக்கன்னு பதிவு பண்ண போட்டு, பயணிகள ஏத்தறதுக்கு பதிவு பண்ணது இல்ல, ஏதாச்சும் ஆனா இன்சூரன்ஸ்னு போய் நிக்க முடியாது. இந்த விஷயத்துல ஒழுங்கா லைசென்ஸ் வச்சிருக்க கம்பெனிதான் மேல், லைசென்ஸ காட்டச் சொல்லி கேளுங்க, கேக்கறது தப்பில்ல. கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோர போலீஸ் 1093, ரெண்டையும் சேவ் பண்ணிட்டு போங்க, எங்க போறீங்க எப்ப வருவீங்கன்னு வீட்ல ஒருத்தருக்கு சொல்லிடுங்க.

டாய்லெட் ரெண்டு போட்டுலயும் இல்ல. ஆம்பளைங்க சமாளிச்சிருவாங்க, என் அக்கா ஒரு தடவ வந்துட்டு காலைலேந்து தண்ணியே குடிக்காம வெயில்ல உக்காந்து தலைவலியோட வந்தா. 16,000 வாங்குறவங்க ஒரு மூலைல தெர கட்டி ஒரு ஏற்பாடு பண்ணலாம், பெருசா செலவு ஆகாது. வாந்தி வரவங்க அவோமின் மாத்தரைய கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்ரணும், கடல்ல போய் போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துரும். வெறும் வயித்தோட போகாதீங்க, ரெண்டு இட்லி போதும், பூரி கெழங்கு வேணவே வேணாம்.

சாமான் எடுத்துட்டு போறவங்களுக்கு: 40-50 பவுண்டு பிரெய்டு தாங்குற ராடு ஒண்ணு, 60 பவுண்டு லீடர், ஒரு சாண் ஒயர், 60-லேந்து 100 கிராம் வரைக்கும் ஜிக்கு, மேக்னம் 15-ம் 20-ம் ஒவ்வொண்ணு. இது போதும். முழுக்கை சட்டை, முகத்துக்கு துணி, போலராய்டு கண்ணாடி கண்டிப்பா.

சில பேரு ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் இத விட நல்லா இருக்கும், தீவு கிட்ட போய் போடலாம்னு ஏஜென்ட் சொல்றான்னு சொன்னாங்க. மன்னார் வளைகுடால அந்த 21 தீவும் 1986-லேந்து கடல் தேசிய பூங்கா, அங்க தூண்டில் போட்டா வனத்துறை புடிக்கும். அப்படி சொல்ற ஏஜென்ட்டு வேற எதுல எல்லாம் பொய் சொல்லுவான்னு யோசிச்சிக்கோங்க.

மீன் யாருக்குங்கிறத கரைலயே பேசிடணும், இதுலதான் நெறைய சண்ட வருது. கம்பெனில "ஆளுக்கு ஒரு மீன், மிச்சம் எங்களுக்கு"ன்னு ரூல், அத போட்ல ஏறுனப்புறம்தான் சொல்றாங்க. அண்ணன் புடிச்சது அண்ணனுக்கு, நாம புடிச்சது நமக்கு, வஞ்சிரம் பெருசா வந்தா தலைய மட்டும் அவரு கேப்பாரு, கொழம்புக்கு. ஐஸ் ஹார்பர்லயே வாங்கிக்கலாம், பாக்ஸ் பெருசா எடுத்துட்டு போங்க, நாங்க சின்னது எடுத்துட்டு போய் சூரைய கோணியில சுத்தி வச்சோம், சூரை சூடுல சீக்கிரம் கெட்டுப்போற மீன், புடிச்ச ஒடனே ரத்தத்த வடிச்சி ஐஸ்ல போட்டாதான் சாப்பட லாயக்கு. வெட்டி சுத்தம் பண்ணித் தர அம்மாங்க ஹார்பர் வாசல்லயே உக்காந்திருப்பாங்க, வஞ்சிரத்த துண்டு எவ்ளோ தடிமன்ல வேணும்னு கேட்டு அளந்து வெட்டுவாங்க, காசு பேசிட்டு குடுங்க.