2,850 டாலர் போச்சு: பழைய 1911 பிஸ்டல் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

நேத்து சாயங்காலம் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்க்கிறவர்) கடையிலிருந்து வந்ததிலிருந்து மனசு ஆறலை. ராத்திரி தூக்கமும் இல்லை. எப்படித் தேர்ந்தெடுக்கணும், எப்படிப் பராமரிக்கணும்னு பொறுமையா எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை எவ்வளவு தூரம் வருதுன்னு பார்ப்போம்.

அமெரிக்காவில் இருக்கேன், சில வருஷமா துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போறேன். ஜான் பிரவுனிங் வடிவமைச்ச 1911 மேல ரொம்ப நாள் ஆசை. புதுசு இல்லை, அதையே கொஞ்சம் திருத்தின இரண்டாம் உலகப் போர்க்கால 1911ஏ1. அதிலும் ரெமிங்டன் ராண்ட் செஞ்சது. டைப்ரைட்டர் கம்பெனி, போருக்காக நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் பிஸ்டல் செஞ்சாங்க. எங்க அப்பா ஆயுசு பூரா ரெமிங்டன் டைப்ரைட்டர்ல தட்டினவர். அந்தப் பேரை ஸ்லைடில் (முன்னும் பின்னும் நகர்ற மேல்பாகம்) பார்த்ததுமே நான் பாதி விழுந்துட்டேன்.

துப்பாக்கிகளை ஏலம் விடுற ஒரு இணையதளம். விற்கிறவன்கிட்ட போன்ல பேசினேன். அப்பா கதையையும் சொல்லித் தொலைச்சேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்படின்னா இது உங்ககிட்ட வர்றதுதான் நியாயம்"னு சொன்னான். குரல்ல அவ்வளவு கனிவு. "அசல் பார்க்கரைசிங், எல்லா நம்பரும் ஒத்துப்போகும்" என்றான். பார்க்கரைசிங்னா துருப்பிடிக்காம இருக்க இரும்பு மேல ஏத்துற பூச்சு. 2,850 டாலர். தபால் மணி ஆர்டர் மட்டும்தான் வாங்குவானாம். எடுத்து அனுப்பினேன்.

இப்ப நினைச்சா செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. ரெமிங்டன் ராண்ட் பிஸ்டலில் சீரியல் நம்பர் ஃபிரேமில் (பிடியோட சேர்ந்த கீழ்ச்சட்டம்) மட்டும்தான் இருக்கும். இருக்கிறதே ஒரு நம்பர், அது எதோட ஒத்துப்போகும்?

புதன்கிழமை உள்ளூர் லைசென்ஸ் டீலர்கிட்ட வந்து சேர்ந்தது. கவுன்டர்ல ரெண்டு நிமிஷம் கையில வெச்சுப் பார்த்தேன். டிரிகர் வெண்ணெய் மாதிரி. எண்பது வருஷத்துப் பிஸ்டலுக்கு இவ்வளவு லேசான டிரிகரான்னு சந்தோஷப்பட்டேன். டீலர்கிட்ட துப்பாக்கி வாங்குறவங்க நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பினேன். வாங்குறவர் மேல நடத்துற பின்னணிச் சோதனை 'டிலே' (தாமதம்)ன்னு வந்தது, அடுத்த செவ்வாய்தான் கைக்குக் கிடைச்சது.

கன்ஸ்மித் வயசானவர். மேகசினை எடுத்தார், சேம்பர் (தோட்டா உட்கார்ற அறை) காலியான்னு ரெண்டு தடவை பார்த்தார். ஹேமரை (பின்னால இருக்கிற சுத்தியல்) இழுத்து நிறுத்தி, சேஃப்டியை மேலே தள்ளி, டிரிகரை நல்லா அழுத்தி விட்டார். சேஃப்டியை இறக்கினார். பிஸ்டலை என் காதுப் பக்கம் கொண்டுவந்து, ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இன்னும் கொஞ்சம் பின்னால இழுத்தார். 'டிக்'.

"கேட்டுச்சா? அந்தச் சத்தம் வரவே கூடாது."

சேஃப்டி போட்டிருந்தும் டிரிகரை அழுத்தினப்ப சியர், அதாவது ஹேமரைப் பிடிச்சு நிறுத்துற சின்னப் பாகம், நகர்ந்திருக்கு. இப்ப திரும்ப உட்கார்ற சத்தம் அது. யாரோ ஹேமரையும் சியரையும் அரம் போட்டு ராவியிருக்காங்க. ராணுவக் கணக்குப்படி டிரிகரை இழுக்கத் தேவையான விசை 5 பவுண்டுக்குக் குறையக் கூடாது, இது 2 பவுண்டை ஒட்டி நின்னது. நான் வெண்ணெய்ன்னு சந்தோஷப்பட்டது இதைத்தான். அப்புறம் விளக்கடியில் சாய்ச்சுக் காட்டினார். ஃபிரேமில் பொறிச்ச எழுத்தோட விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கு. துருக்குழி மேல பஃப் அடிச்சு, அதுக்கு மேல புதுசா பார்க்கரைசிங். பேரலும் (குழல்) பிற்பாடு மாத்தினது.

விற்றவனுக்கு எழுதினேன். முதல்ல "பார்க்கிறேன்". அப்புறம் "உள்ளது உள்ளபடி வித்தேன்". அதுக்கப்புறம் பதிலே இல்லை. இணையதளத்துக்கு மூணு மெயில், மூணுக்கும் ஒரே பதில்: நாங்க இடம் மட்டும்தான் தர்றோம், பொருளுக்குப் பொறுப்பில்லை. மூணு நாள் பரிசோதனைக் காலம் டீலர்கிட்ட வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சாம். சோதனை டிலே ஆனதுக்கு நான் என்ன பண்ணுவேன்னு கேட்டதுக்கு, என் பேருக்கு மாத்தின பொருளைத் திருப்பி எடுக்கிறதில்லையாம். 2,850 டாலருக்கு ஒரு 'வருந்துகிறோம்' கூட இல்லை.

"ஏங்க, மாமா டைப் அடிச்ச மெஷினையே வாங்கியிருக்கலாமே"ன்னு வீட்ல சொல்றாங்க. பதில் சொல்ல வாய் வரலை.

சரி, சொன்ன அறிவுரை. படிவம் நிரப்புறதுக்கு முன்னாடியே டீலர் கவுன்டர்ல அந்தக் காதுச் சோதனையைப் பண்ணுங்க, தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. மணி ஆர்டர் மட்டும்னு சொன்னா விட்டுடுங்க. எழுத்து விளிம்பு தெளிவாத் தெரியற படம் கேளுங்க, தரலைன்னா வேண்டாம். பராமரிப்புன்னா, ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால போற ஸ்லைடை முன்னால தள்ளுறது) பழசுன்னா மாத்துங்க, 5 அங்குல பேரலுக்கு 16 பவுண்டு ஸ்பிரிங். காலி சேம்பர்ல ஸ்லைடை அடிச்சு மூடாதீங்க. இன்னும் எழுதலாம், இப்ப முடியலை.

புது ஹேமர், சியர், கூலி எல்லாம் எவ்வளவு ஆகும்னு கன்ஸ்மித் வெள்ளிக்கிழமை சொல்றேன்னார். 2,850க்கு மேல அதுவும்.