குலைக் கணக்குக்கு அரிமாவா, ஹோல்ட்–வின்டர்ஸா?

மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அடுத்த மூன்று மாதத்துக்கு எத்தனை டன் குலை வரும் என்று கணித்துச் சொல்வது என் வேலை. லோரியும் வெட்டும் ஆளும் அதை வைத்துத்தான் ஏற்பாடாகும். கையில் இருப்பது பத்து வருட மாதக் கணக்கு, மொத்தம் 120 எண்கள். இரண்டு வருடம் அரிமா (ARIMA) என்ற புள்ளியியல் கணிப்பு முறையில் ஓட்டிவிட்டு, ஹோல்ட்–வின்டர்ஸ் என்ற இன்னொரு முறைக்கு மாறினேன்.

இரண்டுமே இலவச ஆர் மென்பொருளில் நொடியில் ஓடும். துல்லியத்தை ஏஐசி (AIC) என்ற பொருத்த அளவு எண்ணை வைத்து ஒப்பிட முடியாது, இரண்டும் அதை வேறு வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. கடைசி 12 மாதத்தை ஒதுக்கிவைத்துச் சோதித்தேன். பிழை ஏறக்குறைய சமமாகவே வந்தது.

அப்படியானால் ஏன் மாறினேன்? பராமரிப்புதான் காரணம்.

அரிமாவுக்குப் பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-இல் நூலாகத் தந்த வழி அழகானது: வேறுபாடு எடு (ஒவ்வொரு எண்ணிலிருந்தும் போன மாத எண்ணையோ, போன வருடத்தின் அதே மாத எண்ணையோ கழி), எண்கள் தங்கள் பழைய எண்களோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் தன்தொடர்பு வரைபடத்தைப் பார்த்து மாதிரியின் வடிவத்தைத் தேர்ந்தெடு, மதிப்பிடு, எச்சத்தை, அதாவது மிஞ்சும் பிழையைச் சோதி. ஆனால் தோட்டத்துக் கணக்கில் கெட்ட மாதங்கள் உண்டு. கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையில் ஒரு மாதம் பாதிக் குலை வெட்டப்படாமலே போனது. மாத வேறுபாடும் ஆண்டு வேறுபாடும் சேர்த்து எடுக்கும்போது அந்த ஒரே பள்ளம் நான்கு தழும்பாகிவிடும்: அந்த மாதமும் 13 மாதம் கழித்தும் பள்ளம், அடுத்த மாதமும் 12 மாதம் கழித்தும் மேடு. தொடக்கத்தில் 13 எண்கள் வேறு போய், மிச்சம் 107. தழும்பு பெரிதென்றால் வரைபடத்தில் 1-ஆம், 12-ஆம் இடைவெளிகளில் பொய்யான குத்துகள் எழும். மரத்தின் இயல்பு எது, ஆள் இல்லாத மாதத்தின் வடு எது என்று பிரிக்க முடியாமல் தவித்தேன். மாதா மாதம் வடிவமே மாறியது.

கெட்ட மாதத்துக்குத் தனிக் குறிமாறி (அந்த மாதத்துக்கு 1, மற்றவற்றுக்கு 0) போடலாம், போட்டேன். அப்புறம் வெள்ளம் வந்தது, மறுநடவு வந்தது. ஒவ்வொன்றுக்கும் குறிமாறி போட்டு மறுபடி வடிவம் தேட வேண்டியிருந்தது.

ஹோல்ட்–வின்டர்ஸில் மட்டம், போக்கு, பருவம் என மூன்று எடைகள்தான்; புது எண் ஒவ்வொன்றையும் எவ்வளவு மாற்றலாம் என்பதை அவை சொல்கின்றன. பருவ எடை சிறிதாக இருந்தால் கெட்ட மாதம் அடுத்த வருடத்தை அதிகம் தொடாது. மட்டம் சில மாதம் இறங்கத்தான் செய்யும்; அதனால் அந்த மாத எண்ணுக்குப் பதில் முந்தைய கணிப்பையே வைத்துக் கடந்துவிடுகிறேன்.

அரிமாவுக்கும் உரியதைச் சொல்ல வேண்டும். விடுபட்ட மாதம் இருந்தாலும் அது தடுமாறாது. மழையளவையும் பின்தங்கிய மாறியாக, அதாவது முந்தைய மாதங்களின் மழையாக, இணைக்கலாம். நான் அப்படி ஓட்டியது ஒரு வருடம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மழைப் பதிவு ஒழுங்காக உள்ள தோட்டத்தில் அரிமா முந்தலாம்.

எடைகளை இப்போது ஜனவரியில் ஒருமுறை மட்டும் மறுமதிப்பீடு செய்கிறேன். மற்ற மாதங்களில் நான் விடுப்பில் போனாலும் ஆபிஸ் கிராணியே புது டன் எண்ணைப் போட்டு அடுத்த கணிப்பை எடுத்துவிடுகிறார்.